450 நானோமீட்டரில் ஒரு பட்டை: சைட்டோகுரோம் பி450 அடையாளம் காணப்பட்ட நிகழ்வின் ஆய்வு

கல்லீரல் மைக்ரோசோம் (செல்லை உடைக்கும்போது உட்சவ்வுகளிலிருந்து கிடைக்கும் நுண்துகள்கள்) கலக்கலில், ஒடுக்கும் பொருளான டைத்தயோனைட்டைச் சிறிது போட்டு, கார்பன் மோனாக்சைடைக் குமிழிகளாகச் செலுத்தினால் 450 நானோமீட்டரில் ஓர் உட்கவர் பட்டை எழுகிறது. 1958-இல் மார்ட்டின் கிளிங்கன்பெர்க் எலிக் கல்லீரலிலும் டேவிட் கார்ஃபிங்கல் பன்றிக் கல்லீரலிலும் கண்டதை வெளியிட்டபோது, அந்தப் பட்டை எந்தப் பொருளுடையது, அந்தப் பொருளுக்கு உடலில் என்ன வேலை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லை. அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டுக்கும் விடை வந்துவிட்டது. முதல் கேள்வி நிறமாலையியலால் தீர்ந்தது. இரண்டாவதற்கு வேறொரு சோதனை தேவைப்பட்டது. ஒரு நிறமி இருப்பதைக் காட்டுவதும், அதுவே நொதி என்று காட்டுவதும் வேறு வேறு வேலைகள். ஹீம் புரதங்களோடு வேலை செய்பவர்கள் இன்றும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த நிகழ்வைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விசித்திரம் எங்கே இருந்தது

ஹீம் என்பது புரோட்டோபார்ஃபிரின் வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு. வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் இரும்பைப் பிடித்திருக்கும். மீதி இரண்டு இடங்களில் ஒன்றைப் புரதத்தின் ஏதாவது ஒரு அமினோ அமிலம் பிடிக்கும். இன்னொன்று ஆக்சிஜனுக்கோ கார்பன் மோனாக்சைடுக்கோ திறந்திருக்கலாம். இரும்பு ஃபெர்ரஸ் (+2, ஒடுக்கப்பட்ட) நிலையில் இருந்து கார்பன் மோனாக்சைடு பிணைந்தால், ஊதாப் பகுதியில் உள்ள வலுவான சோரே பட்டை ஹீமோகுளோபினில் 419-இலும் மையோகுளோபினில் 423 அருகிலும் நிற்கும். அன்று அறிந்திருந்த சாதாரண ஹீம் புரதங்கள் எல்லாமே ஏறக்குறைய 420 என்ற வட்டாரத்துக்குள் அடங்கின.

450 என்பது அதிலிருந்து 30 நானோமீட்டர் தள்ளி இருக்கிறது. மைக்ரோசோமில் நன்றாகத் தெரிந்த ஹீம் புரதம் சைட்டோகுரோம் பி5 (b5) ஒன்றுதான். அது கார்பன் மோனாக்சைடைப் பிணைப்பதே இல்லை, ஏனென்றால் அதன் இரும்பின் இரண்டு இடங்களையும் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலங்கள் அடைத்திருக்கின்றன. இன்னொரு குழப்பமும் உண்டு. ஃபிளேவின் என்ற மஞ்சள் நிறமி கொண்ட, ஹீம் இல்லாத புரதங்களும் 450 முதல் 460 வரை உட்கவர்கின்றன. எனவே, பட்டை இருக்கும் இடத்தை மட்டும் வைத்து ஹீம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. கார்பன் மோனாக்சைடைப் பிணைக்கிறது என்பது ஹீமுக்குச் சாதகமான சான்று. பட்டையின் இடம் பாதகமான சான்று. இந்த முரண்தான் நிகழ்வின் மையம்.

ஓமுராவும் சாட்டோவும் கட்டிய வழக்கு

ஒசாகா பல்கலைக்கழகத்தின் புரத ஆய்வு நிறுவனத்தில் சுனியோ ஓமுராவும் ரியோ சாட்டோவும் முயல் கல்லீரல் மைக்ரோசோம்களை எடுத்துக்கொண்டார்கள். 1962-இல் ஒரு சிறு கட்டுரை. 1964-இல் இரண்டு முழுக் கட்டுரைகள். 450-இல் உட்கவரும் நிறமி (pigment) என்ற பொருளில் 'பி-450' (P-450) என்று தற்காலிகமாகப் பெயர் வைத்தார்கள். தற்காலிகப் பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் முன்வைத்த சான்றுகள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. முதலாவது எத்தில் ஐசோசயனைடு. கார்பன் மோனாக்சைடைப் போலவே ஃபெர்ரஸ் ஹீமோடு பிணையும் பொருள் அது. ஒடுக்கப்பட்ட மைக்ரோசோமில் அதைச் சேர்த்தபோது 430, 455 என இரண்டு சோரே பட்டைகள் தோன்றின. பிஎச் மாறும்போது இரண்டின் உயர விகிதமும் மாறியது. ஒரே பொருள் இரண்டு வடிவங்களில் சமநிலையில் இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு எளிய விளக்கம் இல்லை.

இரண்டாவது சான்றுதான் முடிவானது; ஒரு சேதத்திலிருந்து கிடைத்தது. மைக்ரோசோம் சவ்வைப் பாம்பு விஷத்தாலோ டிஆக்சிகோலேட்டாலோ கரைத்தால் 450 பட்டை மறைந்து, அதே அளவுக்கு 420 பட்டை எழுந்தது. இந்தப் புதிய வடிவத்துக்கு பி-420 என்று பெயர். அது கரையக்கூடியது, சுத்தப்படுத்தக்கூடியது. ஒடுக்கப்பட்ட நிலையில் 427-இல் சோரே பட்டை, 559 அருகே ஆல்ஃபா பட்டை என்று ஒரு சாதாரண பி-வகை (b-வகை) சைட்டோகுரோமின் முகத்தையே காட்டியது. அசல் வடிவம் விசித்திரமாக இருந்தது. கெட்டுப்போன வடிவம் பழகிய ஹீம் புரதமாக இருந்தது. கெட்டது நல்லதிலிருந்தே வந்தது என்பதால் நல்லதும் ஹீம் புரதமே.

மூன்றாவது, ஹீம் கணக்கு. மைக்ரோசோமில் உள்ள மொத்த புரோட்டோஹீமை அளந்து, சைட்டோகுரோம் பி5-இன் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது பி-450-க்குச் சொந்தம். அந்த மீதியை 450 பட்டையின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கிடைத்த எண்தான், அதாவது உட்கவர் குணகம்தான், மில்லிமோலாருக்கு, சென்டிமீட்டருக்கு 91. அறுபது ஆண்டுகளாக உலகம் முழுவதும் ஆய்வகங்கள் 450-க்கும் 490-க்கும் உள்ள உட்கவர் வேறுபாட்டை இந்த எண்ணால் வகுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கழித்தல் கணக்கிலிருந்து பிறந்த எண் இத்தனை காலம் தாங்கியது, அந்தக் கழித்தலை அவர்கள் எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி.

அந்த அளவீட்டை இன்று செய்யும் முறை

எலிக் கல்லீரலை எடுத்துக்கொள்வோம். முதல் எதிரி இரத்தம். உறுப்பை எடுத்தவுடன் குளிர்ந்த 1.15% பொட்டாசியம் குளோரைடு கரைசலைப் போர்ட்டல் சிரை வழியே செலுத்தி, கல்லீரல் வெளுத்துப் பழுப்பாகும் வரை கழுவ வேண்டும். பிறகு நறுக்கி, எடையைப் போல நான்கு மடங்கு கரைசலில் அரைத்து, புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கில் 20 நிமிடம் சுழற்றினால் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் அடியில் தங்கும். மேல்நீரை 1,00,000 மடங்கில் 60 நிமிடம் சுழற்றினால் மைக்ரோசோம் வீழ்படிவு கிடைக்கும். எல்லாம் 4 டிகிரி செல்சியஸில்.

வீழ்படிவை அப்படியே எடுத்துவிடக் கூடாது. 0.1 மோலார் பைரோபாஸ்பேட், பிஎச் 7.4-இல் மீண்டும் கலக்கி இன்னொரு முறை அதே வேகத்தில் சுழற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் ஹீமோகுளோபின் இந்தக் கழுவலில்தான் பெரும்பாலும் போகும். பலர் நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு 420-இல் எழும் பட்டையைப் பார்த்து நொதி கெட்டுவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். கடைசியில் 0.1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 7.4, 20% கிளிசரால், 0.1 மில்லிமோலார் இடிடிஏ கொண்ட பஃபரில் கலக்கி மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். கிளிசரால் உறைபனிக்காக மட்டும் சேர்ப்பதல்ல. அதன் முக்கியமான வேலையைக் கீழே பார்ப்போம்.

அளக்க, மாதிரியை அதே பஃபரில் மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் புரதமாக நீர்த்து, இரண்டு குவெட்டுகளில் (ஒளி ஊடுருவும் சிறு கலங்களில்) சமமாக ஊற்ற வேண்டும். மைக்ரோசோம் கலக்கல் பால்போல ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே இரட்டைக் கற்றை நிறமாலைமானியும், கண்டறி கருவிக்கு நெருக்கமாகக் குவெட் வைக்கும் வசதியும் வேண்டும். ஒற்றைக் கற்றைக் கருவியில் தனித்தனியே எடுத்துக் கழித்தால், துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் படிவதே ஒரு சாய்ந்த அடிக்கோடாகத் தெரியும்.

மாதிரிக் குவெட்டில் மட்டும் கார்பன் மோனாக்சைடைச் செலுத்துங்கள். நொடிக்கு ஒரு குமிழி என்ற வேகத்தில் 30 முதல் 60 குமிழிகள் போதும். வேகத்தைக் கூட்டினால் நுரை வரும். நுரையின் பரப்பில் புரதம் விரிந்து கெடும். வாயு நிறமற்றது, மணமற்றது, உயிரைக் கொல்லக்கூடியது. புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. கண்டறியும் எச்சரிக்கைக் கருவியும் அருகில் இருக்க வேண்டும். அடுத்து 400 முதல் 500 வரை அடிக்கோட்டைப் பதிவு செய்யுங்கள். ஃபெர்ரிக் (+3, ஒடுக்கப்படாத) ஹீம் கார்பன் மோனாக்சைடைப் பிணைக்காது என்பதால் இந்த நிலையில் கோடு தட்டையாக இருக்கும். பிறகு இரண்டு குவெட்டுகளிலும் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் திட டைத்தயோனைட்டைப் போட்டு, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, நிறமாலையை எடுங்கள்.

முதலில் டைத்தயோனைட், பிறகு வாயு என்று தலைகீழாகவும் செய்யலாம். ஆனால் வாயுவை முதலில் தருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. டைத்தயோனைட் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது சூப்பர்ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கின்றன; இரண்டும் ஹீமைத் தாக்கும். கார்பன் மோனாக்சைடு முன்னரே தயாராக இருந்தால், இரும்பு ஒடுக்கப்பட்ட கணமே அது போய் அமர்ந்துகொள்ளும். ஹீம் பாதுகாப்பாக இருக்கும்.

ஒரே ஒரு முறை பதிவு செய்துவிட்டு நிறுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. சில பி450-கள், முக்கியமாக வினைபடு பொருள் இல்லாதபோது, மெதுவாகத்தான் ஒடுக்கமடையும். 450 உச்சி இனி உயரவில்லை என்று தெரியும் வரை ஒரு நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். உச்சி உயர்வது நின்று பின்பு தாழத் தொடங்கினால் சிதைவு ஆரம்பித்துவிட்டது; உயர்ந்தபட்ச மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டைத்தயோனைட் பழையதாக இருந்தால் எல்லாமே தவறிப்போகும். ஈரம் பட்ட டைத்தயோனைட் ஒடுக்கும் ஆற்றலை இழப்பதோடு நில்லாமல் அமிலத்தையும் உண்டாக்குகிறது. நீர்த்த பஃபரில் அதை அள்ளிப் போட்டால் பிஎச் இறங்கி, நல்ல நொதியே குவெட்டுக்குள் பி420 ஆக மாறும். நன்றாக மூடிய சிறு புட்டிகளாகப் பிரித்து வைப்பதும், 0.1 மோலாருக்குக் குறையாத பஃபரைப் பயன்படுத்துவதும் இதற்குத் தீர்வு.

கணக்கைப் பொருத்திப் பார்ப்பது

மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் புரதம் உள்ள கலக்கலில், 1 சென்டிமீட்டர் குவெட்டில், 450-க்கும் 490-க்கும் உள்ள வேறுபாடு 0.182 என்று வைத்துக்கொள்வோம். 0.091-ஆல் வகுத்தால் 2.0 மைக்ரோமோலார்; அதாவது மில்லிகிராமுக்கு 1.0 நானோமோல். இந்த எண்ணோடு நிறுத்திவிட்டால் ஓமுராவும் சாட்டோவும் கற்றுத்தந்த பாடத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

வாயு செலுத்தாத புதிய மாதிரியில், எலக்ட்ரான் தரும் என்ஏடிஎச் சேர்த்தால் பி5 மட்டும் வேகமாக ஒடுக்கமடையும். 424-க்கும் 409-க்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமோலாருக்கு 185 என்ற குணகத்தால் வகுக்க வேண்டும். வேறுபாடு 0.185 வந்தால் பி5-இன் அளவு 1.0 மைக்ரோமோலார். இரண்டையும் கூட்டினால் 3.0. மொத்த ஹீமை அளந்தால் இதே எண் வர வேண்டும்.

மொத்த ஹீமுக்குப் பிரிடின் ஹீமோகுரோம் முறை. 40% பிரிடின், 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 500 மைக்ரோமோலார் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கலந்த கரைசலைச் சம அளவு மாதிரியோடு சேர்த்தால் புரதம் அவிழ்ந்து, ஹீமின் இரண்டு பக்கமும் பிரிடின் ஏறும். ஆக்சிஜனேற்ற நிலை நிறமாலையை எடுத்துவிட்டு, சிறிது டைத்தயோனைட் சேர்த்து ஒடுக்க நிலை நிறமாலையை எடுக்க வேண்டும். பி-வகை ஹீமுக்கு 556-க்கும் 540-க்கும் உள்ள வேறுபாட்டின் குணகம் மில்லிமோலாருக்கு 23.98. சம அளவு சேர்த்ததால் மாதிரி பாதியாக நீர்த்துவிடுகிறது. ஆகவே 3.0 மைக்ரோமோலாருக்கு எதிர்பார்க்க வேண்டியது 0.036 மட்டுமே. இவ்வளவு சிறிய எண்ணைக் கலங்கிய கரைசலில் எடுக்க முடியாது. மாதிரியை மூன்று நான்கு மடங்கு அடர்த்தியாக எடுத்துக்கொள்வது நல்லது. காரத்தில் ஹீமோகுரோம் நெடுநேரம் தங்காது என்பதால் சில நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும். உச்சி நிற்கும் இடத்தையும் பாருங்கள்: 556 அருகே இருந்தால் பி-வகை, 550 என்றால் சி-வகை. மைக்ரோசோமில் சி-வகை வந்தால் மைட்டோகாண்ட்ரியா கலந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று எண்களும் பொருந்தினால் மாதிரியை நம்பலாம். ஹீமோகுரோம் 4.0 என்று சொல்லி மற்ற இரண்டின் கூட்டல் 3.0 என்றால், கணக்கில் வராத 1.0 மைக்ரோமோலார் ஹீம் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது பி420 அல்லது இரத்தம்.

420-இல் எழுவது எது

இந்தக் கேள்விக்கு நிதானமாக விடை தேட வேண்டும், ஏனென்றால் இரண்டு விடைகளுக்கும் நடவடிக்கை வேறு. இரத்தம் என்றால் அடுத்த முறை நன்றாகக் கழுவினால் போதும்; இருக்கும் நொதி நல்ல நொதிதான். பி420 என்றால் தயாரிப்பு முறையே நொதியைக் கெடுக்கிறது.

வேறுபாட்டு நிறமாலையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். இரண்டிலும் 420 அருகே உச்சியும் 430-களில் பள்ளமும் வரும். எளிய வழி, எதுவும் சேர்க்காத மாதிரியின் 500 முதல் 600 வரையான பகுதியைப் பார்ப்பது. ஆக்சிஹீமோகுளோபின் 541, 577 என்று இரட்டைப் பட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். பி420-க்கு அந்த இரட்டைப் பட்டைகள் கிடையாது.

இரத்தத்தைத் தவிர்க்கவே முடியாத மாதிரிகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு. இரண்டு குவெட்டுகளிலும் கார்பன் மோனாக்சைடைச் செலுத்திவிட்டு, ஒன்றில் மட்டும் டைத்தயோனைட் சேர்ப்பது. ஆக்சிஹீமோகுளோபின் இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக மாறிவிடுவதால் கழிந்துபோகும். இங்கே ஒப்பீடு ஃபெர்ரிக் பி450-ஓடு நடக்கிறது. ஆகவே குணகம் 91 அல்ல, 104. குணகத்தை மாற்ற மறந்தால் நொதியின் அளவு 14% அதிகமாகத் தெரியும். இதன் குறை, பி5-உம் ஒரு பக்கம் மட்டும் ஒடுக்கமடைந்து 424-இல் தன் உச்சியைக் காட்டுவது. எனவே பி420 எவ்வளவு என்று இந்த முறையால் சொல்ல முடியாது. மெத்ஹீமோகுளோபின் (இரும்பு ஃபெர்ரிக் ஆகிவிட்ட ஹீமோகுளோபின்) உருவாகியிருந்தாலும் டைத்தயோனைட் சேர்த்த பக்கம் மட்டும் அது மாறும் என்பதால் பழைய, காய்ந்த இரத்தத்துக்கு இந்த முறையும் கைகொடுக்காது.

450 ஏன்

பி420 உருவாகும் நிபந்தனைகளை வரிசைப்படுத்தினால் காரணம் தன்னால் தெரியும்: பித்த உப்புச் சோப்புகள், கரிமக் கரைப்பான்கள், அளவு மீறிய பிஎச், வெப்பம், உயர் அழுத்தம், கந்தகத்தைத் தேடிப் பிடிக்கும் பாதரசச் சேர்மங்கள். கடைசியாகச் சொன்னதுதான் துப்பு. 1962-இல் ஹாஷிமோட்டோ, யமானோ, ஹோவர்டு மேசன் மூவரும் மைக்ரோசோமில் 2.41, 2.25, 1.91 என்ற ஜி-மதிப்புகளுடன் ஓர் இரும்புச் சைகையை எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வில் (இணைசேரா எலக்ட்ரான்களைக் காட்டும் முறையில்) கண்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் பி-450 என்பது பின்னால்தான் புரிந்தது. ஹிஸ்டிடீன் பிடித்திருக்கும் ஹீமுக்கு இப்படிப்பட்ட மதிப்புகள் வருவதில்லை. இரும்பின் ஐந்தாவது இடத்தைப் பிடித்திருப்பது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் என்ற கருத்து இந்தத் தடத்தில்தான் வளர்ந்தது.

1975-இல் செயற்கை ஹீம் மாதிரிகள் இதை உறுதிப்படுத்தின. ஃபெர்ரஸ் பார்ஃபிரினுக்கு ஒரு பக்கம் எதிர்மின் சுமையுள்ள தயோலேட்டும் (புரோட்டான் இழந்த கந்தகத் தொகுதியும்) மறுபக்கம் கார்பன் மோனாக்சைடும் கொடுத்தால் பட்டை 450 அருகே வந்தது. அதே கந்தகம் புரோட்டான் ஏற்று நடுநிலைத் தயோலாகிவிட்டால் 420 வட்டாரத்துக்குத் திரும்பியது. தயோலேட்டின் எலக்ட்ரான் மிகுதி பார்ஃபிரினின் எலக்ட்ரான்களோடு கலப்பதால் சோரே பட்டை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 450-இலும் மற்றொன்று 360-களிலும் போய் நிற்கும். 1985-இல் சூடோமோனாஸ் புடிடா என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த, கற்பூரத்தை ஆக்சிஜனேற்றும் பி450-இன் படிக அமைப்பைத் தாமஸ் பூலோஸும் குழுவினரும் வெளியிட்டபோது, 357-ஆவது இடத்துச் சிஸ்டீன் இரும்பைப் பிடித்திருப்பது கண்ணெதிரே தெரிந்தது.

ஆக, 450 பட்டையின் உயரம் சொல்வது ஹீமின் அளவை அல்ல, அறுபடாத இரும்பு-கந்தகப் பிணைப்பின் அளவை. இதனால்தான் இந்த அளவீட்டுக்கு இவ்வளவு மதிப்பு. பெரும்பாலான புரதங்களில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சோதனையும், எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். இங்கே ஒரே நிறமாலையில் நல்லது 450-இலும் கெட்டது 420-இலும் தனித்தனியே எழுந்து நிற்கின்றன.

கிளிசராலின் வேலையும் இங்கேதான் வருகிறது. 1967-இல் இச்சிகாவாவும் யமானோவும், பாலியால்களும் குளுட்டாதயோனும் பி420-ஐ ஓரளவு பி450 ஆக மீட்க முடியும் என்று காட்டினார்கள். கிளிசரால் சூழல் ஹீமைச் சுற்றிய புரத மடிப்பை இறுக்கமாக வைத்திருக்கிறது. கந்தகம் தன் இடத்தை விட்டு நழுவுவதில்லை. 20% கிளிசரால் இல்லாத பஃபரில் பி450-ஐச் சுத்தப்படுத்த முயல்வது வீண் வேலை. சோப்பின் வகையும் முக்கியம். கோலேட் போன்ற மென்மையானவற்றைக்கூடக் குறைந்த அளவில், குளிரில், கிளிசராலோடு பயன்படுத்த வேண்டும். லூவும் கூனும் 1968, 1969 ஆண்டுகளில் மைக்ரோசோம் அமைப்பைக் கரைத்துப் பிரித்து, பி450, அதற்கு எலக்ட்ரான் தரும் ரிடக்டேஸ் நொதி, கொழுப்புப் பகுதி மூன்றையும் மீண்டும் சேர்த்து வேலை செய்ய வைத்தது அப்படித்தான் சாத்தியமாயிற்று.

அது என்ன வேலை செய்கிறது

நிறமி ஹீம் புரதம் என்று நிறுவியாயிற்று. ஆனால் மைக்ரோசோமில் மருந்துகளையும் ஸ்டீராய்டுகளையும் ஹைட்ராக்சிலேற்றுவது (OH தொகுதி சேர்ப்பது) இதுதானா? கார்பன் மோனாக்சைடு அந்த வினையைத் தடுக்கிறது, ஒளி பட்டால் தடை தளர்கிறது என்று அட்ரினல் மைக்ரோசோமில் ரயானும் எங்கலும் 1957-இலேயே கண்டிருந்தார்கள். வெள்ளை ஒளியால் அதற்கு மேல் சொல்ல முடியாது. எந்த நிறம் தடையை விடுவிக்கிறது என்பதே கேள்வி.

இதற்கான கருவி ஓட்டோ வார்பர்கிடமிருந்து வந்தது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஃபெர்ரஸ் ஹீம் ஒளியை உட்கவர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும்; காலியான இடத்துக்கு ஆக்சிஜன் வந்து நொதி வேலையைத் தொடரும். ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு வேலை மீள்கிறது என்று வரைந்தால், தடுக்கப்பட்ட நொதியின் நிறமாலையே கிடைக்கும். புரதத்தைச் சுத்தப்படுத்தாமலே, ஆயிரம் புரதங்கள் கலந்த குழம்பிலேயே இதைச் செய்யலாம். செல் சுவாச நொதி ஒரு ஹீம் புரதம் என்று வார்பர்க் 1920-களின் கடைசியில் இப்படித்தான் காட்டினார். 1931-இல் நோபல் பரிசு.

1963-இல் ரொனால்டு எஸ்டாப்ரூக், டேவிட் கூப்பர், ஓட்டோ ரோசன்தால் மூவரும் மாட்டு அட்ரினல் புறணி மைக்ரோசோமில் ஸ்டீராய்டின் 21-ஆவது கார்பனை ஹைட்ராக்சிலேற்றும் வினையை எடுத்துக்கொண்டார்கள். கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் கலந்த வாயுவில் வினையை ஓரளவு தடுத்து வைத்து, ஒற்றை நிற ஒளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சினார்கள். மீட்பு உச்சத்தைத் தொட்டது 450-இல். 1965-இல் அதே முறை கல்லீரல் மைக்ரோசோமில் கோடீன் போன்ற மருந்துகளின் ஆக்சிஜனேற்றத்துக்கும் பொருந்தியது. நிறமிக்கும் நொதிக்கும் நடுவே இருந்த இடைவெளி அன்றுதான் மூடியது.

இந்தச் சோதனை பார்க்க எளிது, செய்யக் கடினம். தடை முழுமையாக இருந்தால் ஒளி மீட்பது அளவிட முடியாதபடி சிறிதாகும். தடை குறைவாக இருந்தால் மீட்க ஒன்றுமே இருக்காது. இருட்டில் பாதியளவு வேலை மிஞ்சும்படி வாயு விகிதத்தை அமைப்பது நல்ல தொடக்கம். ஒவ்வோர் அலைநீளத்திலும் சம ஆற்றல் என்று வைத்தால் தவறு. சம எண்ணிக்கை ஃபோட்டான்கள் வேண்டும். 420-இல் ஒரு ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல் 450-இல் உள்ளதைவிட 7% அதிகம் என்பதால் கணக்கைத் திருத்தியாக வேண்டும். கலங்கிய கலக்கலில் ஒளி உள்ளே நுழையும் முன்னரே தேய்ந்துவிடும் என்பதால் மெல்லிய அடுக்கும் தொடர்ந்த கலக்கலும் அவசியம். விளக்கின் வெப்பம் வினையை வேகப்படுத்தி, ஒளி செய்ததுபோலக் காட்டும். குளிர்நீர்க் கவசமும் வெப்பமானியும் இல்லாமல் தொடங்கக் கூடாது. மிக முக்கியமான எதிர்ச்சோதனை, கார்பன் மோனாக்சைடு இல்லாமல் அதே ஒளியைப் பாய்ச்சுவது. ரிடக்டேஸின் ஃபிளேவின்களும் 450 பகுதியை உட்கவர்வதால், வாயு இல்லாதபோதும் வேகம் மாறினால் அந்த மாற்றம் ஹீமுக்குச் சொந்தமல்ல.

நுண்ணுயிரியில் உற்பத்தி செய்யும்போது

இன்று பெரும்பாலானோர் கல்லீரலிலிருந்து எடுப்பதில்லை. மனித உடலில் 57 பி450 மரபணுக்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றின் புரதத்தை ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் தனித்தனியே உற்பத்தி செய்கிறார்கள். 1991-இல் பார்ன்ஸ், ஆர்லாட்டோ, வாட்டர்மேன் மூவரும் மாட்டின் 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸின் தொடக்கப் பகுதியைத் திருத்தி இதற்கு வழி திறந்தார்கள். 37 டிகிரியில் வளர்த்துவிட்டு, தூண்டியபின் 28 முதல் 30 டிகிரிக்கு இறக்கி, மெதுவாக 24 முதல் 48 மணி நேரம் ஆட்ட வேண்டும். வேகமாக ஆட்டினால் ஆக்சிஜன் மிகுந்து விளைச்சல் குறைவது உண்டு. ஹீமுக்கான முன்னோடி டெல்டா-அமினோலெவுலினிக் அமிலத்தை 0.5 முதல் 1 மில்லிமோலார் சேர்க்காவிட்டால் புரதம் வரும், ஹீம் வராது. சாயமிட்ட ஜெல்லில் தடித்த பட்டை, நிறமாலையில் ஒன்றுமில்லை என்ற ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முழுச் செல்களிலேயே கார்பன் மோனாக்சைடு நிறமாலை எடுக்கலாம் என்பது பெரிய வசதி. உடைக்கும் முன்னரே விளைச்சல் தெரிந்துவிடும். செல்களில் 450 நன்றாக இருந்து, உடைத்தபின் 420 எழுந்தால் குற்றம் மீயொலியின் வெப்பத்திலோ சோப்பிலோ இருக்கிறது. செல்களிலேயே 420 இருந்தால் மடிப்பு சரியாக நடக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது, ஈ. கோலையின் சொந்த ஹீம் புரதங்களும் கார்பன் மோனாக்சைடைப் பிணைத்து 420 பகுதியில் பட்டை தரும். பி450 மரபணு இல்லாத வெற்றுக் கடத்தி (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ) மட்டும் உள்ள செல்களை அருகருகே அளந்தால்தான் அந்தப் பின்னணியைக் கழிக்க முடியும்.

பட்டை பேசும் இடமும் பேசாத இடமும்

1992-இல் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸின் கார்பன் மோனாக்சைடு நிறமாலை 445 அருகே விழுந்ததைக் கண்டு, அதுவும் கந்தகம் பிடித்த ஹீம் நொதி என்று ஒயிட்டும் மார்லெட்டாவும் அறிவித்தார்கள். அமினோ அமில வரிசையில் அது பி450 குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. குளோரோபெராக்சிடேஸும் 443-இல் பட்டை தருகிறது. வரிசை ஒற்றுமை இல்லாத புரதங்களிலும் இரும்பைப் பிடித்திருக்கும் ஈனி எது என்று பட்டை சரியாகச் சொல்லிவிட்டது.

சிஸ்டாதயோனின் பீட்டா-சிந்தேஸ் எதிர்த்திசையில் ஏமாற்றும். அதன் இரும்பையும் சிஸ்டீன்தான் பிடித்திருக்கிறது, மறுபக்கம் ஹிஸ்டிடீன். ஒடுக்கினால் கார்பன் மோனாக்சைடு எதுவும் இல்லாமலே 449-இல் உச்சி வரும். வாயுவைச் செலுத்தினால் சிஸ்டீன் விலகி, பட்டை 422-க்குப் போய்விடும். பி450-இன் வழக்கத்துக்கு நேர் எதிர். டைத்தயோனைட் சேர்த்ததும் 450 தெரிகிறதே என்று ஒரு மாதிரியை பி450 என்று குறித்துவிட்டால் இங்கே தவறிவிடுவோம். இதற்கான பரிகாரம் ஒரு கூடுதல் நிமிடம்: வாயு இல்லாமல் ஒடுக்கிய நிறமாலையைத் தனியே எடுத்து, அதன் உச்சி 408 பக்கம் இருக்கிறதா, 449 பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது.